மரவாடி எதிரே ஒரு சப்வே

மெஹர் பானுவுக்கு ஒரு விஷயம் புரியவில்லை என்றால் சோறு இறங்காது. அது அவள் கூடப் பிறந்த வியாதி. கல்யாணமான புதிதில், பக்கத்து வீட்டு நாய் ஏன் வெள்ளிக்கிழமை மட்டும் குரைப்பதில்லை என்று கண்டுபிடிக்கப் போனாள். அந்த வீட்டுக்காரர் வாராவாரம் நாயை நடத்திக்கொண்டு போகிற சாக்கில் லாட்டரிக் கடையில் உட்கார்ந்திருப்பது வெளியே வந்து, ஒரு குடும்பமே ரெண்டு மாதம் பேசாமல் கிடந்தது. அதிலிருந்து அவள் வாயில் "ஏன்" என்ற வார்த்தை புறப்பட்டாலே கணவர் சௌகத் அலி சட்டையை மாட்டிக்கொண்டு தன் பேட்டரிக் கடைக்குக் கிளம்பிவிடுவார்.

அப்படிப்பட்டவள் வீட்டுப் பக்கத்தில் அரசாங்கம் ஒரு பள்ளம் தோண்டினால் சும்மா இருப்பாளா?

ஜி.எஸ்.டி. ரோட்டை நான்கு வழிச் சாலையாக்கிக்கொண்டிருந்த காலம் அது. தாம்பரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் புளியமரங்கள் விழுந்தன, கடைகளின் முகப்புகள் விழுந்தன, சில பேருடைய தூக்கமும் விழுந்தது. டெல்லியிலிருந்து கோடி கோடியாகப் பணம் வருகிறது, மெட்ராஸில் ஏறி உட்கார்ந்தால் திண்டிவனத்தில்தான் பிரேக் போடணுமாம் என்று டீக்கடைகளில் பேசிக்கொண்டார்கள். கூடுவாஞ்சேரிக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டோரம் இருந்த ஜீவரத்தினம் நகர்க்காரர்களுக்குத் திண்டிவனம் போகிற அவசரம் எதுவும் இல்லை. அவர்களுக்கு எதிர்ப்பக்கம் போனால் போதும். பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, பள்ளிக்கூடம், மாதா கோயில் எல்லாம் எதிர்ப்பக்கம்தான். புது ரோட்டுக்கு நடுவே இடுப்பு உயரச் சுவரும் அதன் மேல் கம்பியும் வரப்போகிறது என்று தெரிந்ததும் நகரே கலங்கிப் போனது. பிறகு, நடந்து போகிறவர்களுக்கென்று ரோட்டுக்கு அடியில் ஒரு சப்வே உண்டு என்று செய்தி வந்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

விட்ட மூச்சை மறுபடி இழுக்கும்படி ஆனது, பள்ளம் தோண்டிய இடத்தைப் பார்த்தபோது.

நகரின் வாசல் ஒரு இடம். காலையிலும் மாலையிலும் ஜனங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டுவது அங்கேதான். பொக்லைன் வந்து நின்றதோ, கூப்பிடு தூரத்துக்கும் அப்பால், எதிர்ப்பக்கத்தில் இருந்த சிட்டிபாபுவின் மரவாடிக்கு எதிரே. நகரின் பின் சந்து போய் முடிகிற இடம் அது. மரவாடியில் அறுத்த தேக்கும் அறுக்காத வேம்பும் அடுக்கிக் கிடக்கும். அதைத் தாண்டினால் முள்காடு. ஈ காக்காய்கூட அங்கே ரோட்டைத் தாண்டுவதில்லை.

"ஏன் அங்க?" என்றாள் மெஹர் பானு.

சௌகத் அலி சட்டையைத் தேடினார்.

டீக்கடையில் பதில்களுக்குப் பஞ்சமில்லை. சிட்டிபாபு பெரிய இடத்தில் சொல்லித் தன் கடைக்கு வழி போட்டுக்கொண்டார் என்றார்கள். யாரோ பெரும்புள்ளி அங்கே காம்ப்ளெக்ஸ் கட்டப்போகிறார் என்றார்கள். தாம்பரத்து விமானப் படைத் தளத்துக்கு ரகசியச் சுரங்கம் போகிறது என்று ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். சிட்டிபாபு எதையும் மறுக்கவில்லை. திடீரென்று ஊரே வணக்கம் வைக்கிறது, கடன் கேட்டவர்கள் மரியாதையாகக் கேட்கிறார்கள். மனுஷன் சும்மா சிரித்து வைத்தார். மெஹர் பானு நேரில் போய்க் கேட்டபோது மட்டும் உண்மையைச் சொன்னார். "எனக்கே புரியலம்மா. ஒரு கரண்ட் கம்பத்தைத் தள்ளிப் போடச் சொல்லி மூணு வருஷமா அலையிறேன், அதுவே நடக்கல. எனக்கா சப்வே போடுவாங்க?"

இதில் எல்லோரையும்விட அதிகமாக வெந்து போனவள் பக்கத்து வீட்டு அம்மணி.

அம்மணி இட்லிக்காரி. எதிர்ப்பக்கத்து பஸ் ஸ்டாப்பில் காலை வேளையில் அவளுடைய இட்லிக் குண்டானைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். கண்டக்டர்கள் அவள் கையால் வாங்கித் தின்றுவிட்டுத்தான் விசில் ஊதுவார்கள். போன வருஷம் ஆடி மாதம், குண்டானைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டும்போது ஒரு வேன் இடித்துத் தள்ளிவிட்டுப் போனது. இடது காலில் தகடு வைத்துத் தைத்தார்கள். நடக்கிறாள், ஆனால் ஓட முடியாது. ஓடாமல் அந்த ரோட்டைத் தாண்ட முடியாது. அன்றிலிருந்து வீட்டிலேயே மாவு ஆட்டி விற்கிறாள். மாதா கோயிலின் மணிச்சத்தத்தை ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றே கேட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்கிறாள்.

"சொர்க்கம் தொலவுலன்னா பரவால்ல பானு. ரோட்டுக்கு அந்தாண்ட கீது, போவ முடியல, அதான் பேஜாரு" என்பாள். சொல்லும்போது சிரிப்பாள். சிரித்து முடித்த பிறகு அவள் முகத்தைப் பார்க்க மெஹர் பானுவுக்குத் தைரியம் வராது.

ஆகவே சப்வேயை நகர் வாசலுக்கு மாற்றக் கேட்டு ஒரு மனு தயாரானது. எழுதியது மெஹர் பானு. முதல் கையெழுத்து அம்மணி. 'தற்போது பள்ளம் தோண்டப்பட்டுள்ள இடத்தில் யாரும் சாலையைக் கடப்பதில்லை' என்ற வரிக்கு அடியில் மெஹர் பானு இரண்டு கோடு போட்டாள். அந்தக் கோடுதான் பின்னால் அவள் கழுத்தைப் பிடித்தது.

ரோடு வேலையைப் பார்த்துக்கொண்ட இன்ஜினியர் வைத்தீஸ்வரன், ஊரப்பாக்கம் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் ஆபீஸ் வைத்திருந்தார். தூசியில் தலைமுடி நரைத்த மாதிரி இருக்கும் இளைஞர். மனுவைப் பொறுமையாகப் படித்தார்.

"நீங்க சொல்றது நியாயம்தான் மேடம். ஆனா இடத்தை நான் சூஸ் பண்ணல. சர்வே சூஸ் பண்ணிச்சு."

"சர்வேன்னா?"

"ரோடு போடறதுக்கு முன்னாடி அங்கங்க ஆளை உக்கார வச்சு எண்ணுவாங்க. எத்தனை லாரி, எத்தனை கார், எத்தனை பேர் நடந்து க்ராஸ் பண்றாங்கன்னு. எங்க கூட்டம் ஜாஸ்தியோ அங்க சப்வே. போன வருஷ கடைசில எண்ணியிருக்காங்க. உங்க ஏரியாலயே அந்த மரவாடி கிட்டதான் கூட்டம் ஜாஸ்தி. அதுவும் சாயங்காலத்துல கொட்டோ கொட்டுன்னு கொட்டியிருக்கு."

"மரவாடி கிட்டயா? யாரு?"

"அதை எழுத மாட்டாங்க. தலையை மட்டும்தான் எண்ணுவாங்க." வைத்தீஸ்வரன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "உண்மையைச் சொன்னா எனக்கும் புரியல. நான் வந்து பார்த்தப்போ அங்க ஒரு ஆடுதான் நின்னுது."

அன்று சாயங்காலம் மெஹர் பானு கூலிக்குத் தைக்க வேண்டிய ஜாக்கெட்டை அப்படியே போட்டுவிட்டுப் பின் சந்து வழியாகப் போய், மரவாடிக்கு எதிரே நின்று பார்த்தாள். ஆடு இருந்தது. பாதி ரோடு வரை போய், மனசு மாறித் திரும்பி வந்தது. வேறு யாரும் வரவில்லை. இருட்டுகிற வரை நின்றாள். எண்ணியவன் பொய்யாக எழுதினானா? பொய் எழுதுகிறவன் ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கணும்? பேயா? அவளுக்குப் பேயில் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் சாயங்கால நேரத்தில் மட்டும் கூட்டமாகப் போகிற பேய் எது என்று ஒரு நிமிஷம் யோசிக்கத்தான் செய்தாள்.

மண்டைக்குள் வண்டு குடைந்தது. சோறு இறங்கவில்லை. மறுபடி தகரக் கொட்டகைக்குப் போய், எண்ணிய ஆள் யார் என்று கேட்டாள். வைத்தீஸ்வரன் யோசித்துச் சொன்னார். தினக்கூலிக்கு வந்த பையன்கள்தான் பெரும்பாலும். அவர்களில் லாசரஸ் என்று ஒருத்தர் மட்டும் தெரியும், இப்போது கிழக்குத் தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வழியில் பார்த்தால் கை காட்டுவார்.

கிழக்குத் தாம்பரத்தில் இறங்கி விசாரித்ததும் ஆள் கிடைத்துவிட்டார். வண்டியை நிறுத்திப் பேச அவருக்கு நேரமில்லை. "ஏறுக்கா, போய்கினே பேசலாம்" என்றார். வேளச்சேரி ரோட்டில் ஆட்டோ குலுங்கிக்கொண்டு போனது. மெஹர் பானு முன்பக்கம் சாய்ந்து, சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டாள்.

"மரவாடி எதிர்ல எண்ணினது நீங்கதானா?"

"யக்கா, அத்த ஏன் கேக்குற! என் கட்ட விரலு வீங்கிப் பூட்ச்சி." லாசரஸ் ஒரு கையை விட்டு விரலைத் தூக்கிக் காட்டினார். பின்சீட்டில் இருந்தவர்கள் அல்லா, முருகா, ஏசுவே என்று அவரவர்க்குத் தோன்றியதைச் சொன்னார்கள். "கையில ஒரு மிஷினு குடுப்பாங்க. ஆளு தாண்டுனா ஒரு அழுத்து. போறப்ப ஒண்ணு, வரப்ப ஒண்ணு. மத்த எடத்துல எல்லாம் சும்மா குந்தினு இருந்தேன். அங்க மட்டும், சாய்ங்காலம் ஆச்சின்னா போதும், அந்தச் சந்துலேர்ந்து ஜனம் வந்துகினே கீது. ஆம்பள, பொம்பள, பொட்டு வச்சது, சிலுவ போட்டது, முக்காடு போட்டது... எல்லார் கையிலயும் தூக்கு, சொம்பு, குண்டான். காலியா போவுது, ரொம்பி வருது."

மெஹர் பானுவின் கை ஆட்டோக் கம்பியை இறுக்கிப் பிடித்தது.

"மழைக் காலமா அது?"

"செம மழ. தார்ப்பாய் போத்திகினு குந்தினு இருந்தேன். அதுல ஒரு யக்கா, நாலு தபா போவும், நாலு தபா வரும். அது ஒண்ணுக்கே நான் தனியா அழுத்தினேன்னு வச்சிக்கயேன். நல்ல யக்கா. ஒரு நாளு நான் நடுங்கறத பாத்துட்டு ஒரு சொம்பு கஞ்சி குடுத்துட்டுப் பூட்ச்சி. முக்காட்டுல மூஞ்சி தெர்ல."

"உப்பு கம்மியா இருந்துச்சா?"

லாசரஸ் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். "ஆமாக்கா. உனக்கு எப்டித் தெரியும்?"

"அன்னிக்கு உப்பு கம்மிதான்" என்றாள் மெஹர் பானு.

ராஜகீழ்ப்பாக்கத்தில் அவள் இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. ஆட்டோ போகிற இடம் வரைக்கும் போனாள். வழி முழுக்க அவளுக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

போன வருஷ ரம்ஜான் அடைமழையில் வந்தது. நகர் வாசலில் முழங்கால் தண்ணீர், பள்ளிவாசலின் சமையல் கொட்டகைக்குள் மீன் நீந்தியது. நோன்புக் கஞ்சி காய்ச்ச இடமில்லை. கஞ்சிக்குப் பொறுப்பு சௌகத் அலி. அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, "சிட்டிபாபு அண்ணன் மரவாடி மேடாத்தானே இருக்கு, கூரை இருக்கு, விறகும் இருக்கு, ஏன் அங்க காய்ச்சக் கூடாது?" என்று கேட்டது மெஹர் பானுவேதான். அந்த மாதம் முழுக்கக் கஞ்சி தேக்சா அங்கேதான் கொதித்தது. வாசலில் தண்ணீர் என்பதால் நகரே பின் சந்து வழியாகப் போய் அங்கே ரோட்டைத் தாண்டியது. நோன்பு பிடிக்கிற வீடு, பிடிக்காத வீடு என்ற பேதமே கிடையாது. இஞ்சியும் புதினாவும் தேங்காய்ப்பாலும் போட்ட அந்தக் கஞ்சிக்கு எல்லா வீட்டுத் தூக்கும் வரிசையில் நிற்கும். சரியாக அந்த நாட்களில்தான் ரோட்டு ஆபீஸ் தன் எண்ணிக்கையை வைத்துக்கொண்டது. மழை வடிந்ததும் அந்த வழியை ஊரே மறந்துவிட்டிருந்தது.

நாலு தடவை போன அக்கா அவள்தான். தன் வீட்டுக்கு ஒன்று, காலில் மாவுக்கட்டோடு கிடந்த அம்மணிக்கு ஒன்று, பிறகு சந்தில் நடக்க முடியாத இரண்டு வீடுகளுக்கு.

வீட்டில் சொன்னதும் சௌகத் அலி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அடியே, அரசாங்கம் நம்ம கஞ்சிக்கு சப்வே போடுதா!" என்று தொடையைத் தட்டினார். தட்டிய கை பாதியில் நின்றது. "மனு குடுத்திருக்கியே."

"ஆமா."

"யாருமே தாண்டறதில்லைன்னு எழுதியிருக்கியே."

"ரெண்டு கோடு போட்டு."

மறுவாரம் வைத்தீஸ்வரன் பைக்கில் வீட்டுக்கே வந்துவிட்டார். மனுவை மேலே அனுப்பியாயிற்று, பெரிய அதிகாரி நேரில் பார்க்க வருகிறார். மெஹர் பானு கண்டுபிடித்ததைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மேடம், இந்த ஸ்ட்ரெட்சுக்கே ஒரு சப்வேதான் சாங்ஷன். எங்களுக்கு வேணும்னு சுத்துவட்டாரத்துல எத்தனை பேர் கேக்கறாங்க தெரியுமா? எண்ணினது தப்புன்னு ஆச்சுன்னா, அது உங்க வாசலுக்கு மாறாது. கேன்சல் ஆயிடும். பணம் வேற எங்கயாவது போயிடும். பள்ளத்தை மூடிட்டு, சுவரை மட்டும் கட்டிட்டுப் போவோம்."

மெஹர் பானுவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாமே என்று தோன்றியது. தெரியாதவரை அந்தக் கோடு போட்ட வரி வெறும் மனு. தெரிந்த பிறகு அதுவே அம்மணியின் வழியை அடைக்கிற கல்.

அம்மணியிடம் மறைக்க அவளால் முடியவில்லை. கதையை முழுக்கக் கேட்ட அம்மணி முதலில் சிரித்தாள். பிறகு தன் காலைத் தடவிக்கொண்டாள்.

"என் காலு ஒடஞ்சிச்சி, நீ எனக்காவ போன, அவன் அமுக்குனான், பள்ளம் வந்துச்சி. அப்ப அது எனக்கு வந்த பள்ளம்தானே பானு? எடம் எங்க இருந்தா இன்னா, நான் நடந்துக்கறேன். அத்த மூட வுட்றாத."

ரம்ஜான் பிறந்தது. அந்த வருஷம் மழை சாதுவாக இருந்தது. பள்ளிவாசல் கொட்டகையின் தரையையும் உயர்த்திவிட்டார்கள். கஞ்சி அங்கேயே காய்ச்சத் தடையில்லை. சௌகத் அலி ஒரு யோசனையோடு வந்தார். அதிகாரி வருகிற அன்று மட்டும் தேக்சாவை மரவாடிக்குக் கொண்டுபோய்விட்டால்? கூட்டம் தானாகக் கொட்டும்.

"நோன்பு வாயோட நாடகம் போடச் சொல்றீங்களா?"

"கஞ்சி நெஜம்தானே? வர்ற ஜனம் நெஜம்தானே?"

மெஹர் பானு அன்று முழுக்கத் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே யோசித்தாள். ஒரு ஜாக்கெட்டுக்கு மூன்று கை வைத்துத் தைத்துவிட்டாள். நோன்பு திறந்த பிறகு கணவரிடம் சொன்னாள். "ஒரு நாளைக்குன்னா அது பொய்ங்க. எப்பவும்னா பொய் இல்லை. மாத்தறதுன்னா நிரந்தரமா மாத்துங்க. இந்த வருஷமும் அங்கதான், அடுத்த வருஷமும் அங்கதான். அப்படியில்லைன்னா வேண்டாம்."

ஜமாத்தில் சும்மா ஒத்துக்கொள்வார்களா? இரண்டு கூட்டம் நடந்தது. உயர்த்திய தரைக்குப் போட்ட சிமெண்ட் வீணா என்று ஒருவர் கேட்டார். சப்வே வராவிட்டால் உங்க பேரன் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவான், சுவர் ஏறிக் குதித்தா என்று சௌகத் அலி திருப்பிக் கேட்டார். சிட்டிபாபு மரவாடியில் ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்துவிட்டு, தன் செல்வாக்கு பற்றிய வதந்தி இன்னும் பெருகுவதை ரசித்துக்கொண்டிருந்தார். மெஹர் பானு இன்னொரு வேலையும் செய்தாள். காலையில் தாம்பரம் போகிறவர்களை மரவாடி வாசலில் போய் நிற்கச் சொன்னாள். ஸ்டாப் போர்டு எங்கே இருந்தாலும், கூட்டம் கை காட்டுகிற இடத்தில்தான் டிரைவர் பிரேக்கில் காலை வைப்பார் என்பது அவளுக்குத் தெரியும். முதல் வாரம் திட்டிக்கொண்டே நிறுத்தினார்கள். பிறகு திட்டாமல் நிறுத்தினார்கள்.

பெரிய அதிகாரி ஒரு சாயங்காலம் வந்தார். ஜீப் மரவாடி அருகே வந்ததும் நகர முடியவில்லை. தூக்கும் கையுமாக ஜனம் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. அதிகாரி சந்து முனைப் பக்கமாக இறங்கினார். வாடிய, களைத்த முகம். கையில் மெஹர் பானுவின் மனு.

"மெஹர் பானுங்கறது யாரு?"

அவள் முன்னால் வந்தாள். எதிர்ப்பக்கத்தில் சௌகத் அலி கரண்டியோடு அப்படியே நின்றார். வைத்தீஸ்வரன் வானத்தைப் பார்த்தார், அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

"இங்க யாரும் க்ராஸ் பண்றதில்லைன்னு எழுதியிருக்கீங்க. இவங்கல்லாம் யாரு?"

எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அவளுடைய நாக்கு உலர்ந்திருந்தது. நோன்பினால் மட்டுமல்ல.

"எழுதினப்போ யாரும் தாண்டல சார். போன நோன்புல தாண்டினாங்க. நாங்க இங்க கஞ்சி காய்ச்சினோம், அதை வாங்க வந்தவங்களைத்தான் உங்க ஆளு எண்ணிட்டார். ஒரு ஆளை ரெண்டு தடவை. என்னை எட்டுத் தடவை." கூட்டத்தில் யாரோ "அய்யோ" என்றார்கள். "இது எனக்கும் அப்புறம்தான் தெரிஞ்சுது. மறைக்க எனக்கு இஷ்டமில்லை. இப்போ கஞ்சியை இங்கயே நிரந்தரமா மாத்திட்டோம். காலையில பஸ்ஸும் இங்கதான் ஏறுறோம்."

"அப்போ எண்ணினது தப்பு."

"எண்ணினது தப்பு சார். நாங்க இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் போயாகணுங்கறது தப்பில்லை."

அதிகாரி மனுவை மடித்தார். "ரம்ஜான் முடிஞ்சா இங்க எத்தனை பேர் தாண்டுவாங்கன்னு நான் எப்படி எழுதறது? எண்ணிக்கை இல்லாம ஒரு பைசா செலவு பண்ண முடியாதும்மா."

அப்போது அம்மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மரவாடி இருந்த பக்கத்திலிருந்து அல்ல. அவள் சந்து முனையிலேயே, இந்தப் பக்கமே, நின்றிருந்தாள்.

"சார், அந்தாண்ட போறவங்கள எண்ணுனீங்க, செரி. நான் இந்த ரோட்டத் தாண்டி ஒரு வருசத்துக்கு மேல ஆவுது. காலு இப்டி ஆனதுலேர்ந்து தாண்டல. என்னைய ஒருத்தனும் எண்ணல. என்னைய மாதிரி இந்தாண்டயே நின்னுகினு கீறவங்கள எண்ணுறதுக்கு உங்ககிட்ட மிஷினு கீதா?"

அதிகாரி அவளுடைய காலைப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த ரோட்டைப் பார்த்தார். அந்த நேரம் நோன்பு திறக்கப் பாங்கு சொல்லிவிட்டார்கள். யாரோ ரோட்டைத் தாண்டி ஓடிவந்து ஒரு பேரீச்சம்பழத்தையும் ஒரு டம்ளர் கஞ்சியையும் அவர் கையில் கொடுத்தார்கள். நின்றபடியே குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது வைத்தீஸ்வரனிடம், "ரெண்டு பக்கமும் படி போட்டிருக்கீங்களா, சரிவா?" என்று மட்டும் கேட்டார். படி என்றார் வைத்தீஸ்வரன். அதிகாரி ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு பள்ளம் அப்படியே கிடந்தது. ஆடு அதில் இறங்கி மேய்ந்தது. ரம்ஜான் முடிந்தது, கிறிஸ்துமஸ் போனது, பொங்கலும் போனது. உண்மையைச் சொன்னதற்காகச் சௌகத் அலி மனைவியை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மாசி மாதம் வைத்தீஸ்வரன் பைக்கில் வந்தார். முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார். "சாரி மேடம். உங்க மனுவை ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. இடத்தை மாத்த முடியாதாம். சப்வே மரவாடி எதிர்லயேதான் வருமாம்."

மெஹர் பானு ஒரு கணம் அவரையே பார்த்தாள். அவர் உதட்டோரம் சிரிப்பு கசிந்ததும்தான் அவளுக்கு விளங்கியது. "அம்மணிக்கா!" என்று அவள் போட்ட கூச்சல் பள்ளிவாசல் வரை கேட்டது. நிராகரிக்கப்பட்ட மனுவுக்காக மைசூர்பாகு வாங்கி வீடு வீடாகக் கொடுத்த நகர் இந்தியாவிலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

"அதிகாரி ஏன்னு என்ன காரணம் எழுதினார்?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாது மேடம். படியை எடுத்துட்டு சரிவா போடச் சொல்லி ஒரு டிராயிங் மட்டும் வந்திருக்கு."

அந்த ஒரு விஷயம் அவளுக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமலே அன்று ராத்திரி சோறு இறங்கியது, அதுவும் இரண்டு தட்டு.

அடுத்த ரம்ஜானுக்குள் சப்வே திறந்துவிட்டது. ரிப்பன் வெட்டவெல்லாம் யாரும் வரவில்லை, ஒரு நாள் காலையில் தடுப்புக் கட்டையை எடுத்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். நம் ஊர் சப்வேக்கே உரிய லட்சணப்படி முதல் மழைக்கே உள்ளே கணுக்கால் தண்ணீர் நின்றது. சிட்டிபாபு பலகை போட்டுக் கொடுத்தார்.

நோன்பு தொடங்கிய அன்று சாயங்காலம் மெஹர் பானு தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பெருநாள் துணி தைக்கக் குவிந்து கிடந்தது. பின் சந்தில் அம்மணி குறுக்கே நின்றாள்.

"குடு இங்க."

"எதை?"

"தூக்கக் குடு. இன்னிக்கி உனக்கு நான் வாங்கியாறேன்."

தூக்கைப் பிடுங்கிக்கொண்டு, இன்னொரு கையில் தன்னுடையதையும் எடுத்துக்கொண்டு அம்மணி சரிவில் இறங்கினாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகியிருந்தாள். இருட்டு வாய்க்குள் அவளுடைய முதுகு மறைந்தது. மேலே லாரிகள் அதிர்ந்துகொண்டு ஓடின. மெஹர் பானு கம்பி வழியாக எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் ஆனது. வழுக்கி விழுந்துவிட்டாளா? கால் வலி எடுத்து நடுவில் நின்றுவிட்டாளா? இறங்கிப் போய்ப் பார்க்கலாம் என்று ஒரு காலை எடுத்து வைத்தபோது, எதிர்ப்பக்கத்துச் சரிவில் முதலில் அம்மணியின் தலை தெரிந்தது, பிறகு தோள், பிறகு இரண்டு தூக்குகள்.

அம்மணி நேராகக் கஞ்சி வரிசைக்குப் போகவில்லை. பஸ்ஸுக்காக ஜனம் நிற்கிற இடத்துக்குப் போனாள். அங்கே நின்று சுற்றிலும் பார்த்தாள். தூக்குகளைக் கீழே வைத்தாள். சரியில்லாத அந்தக் காலாலேயே தரையில் ஒரு கல்லைத் தள்ளினாள், இன்னொரு கல்லைத் தள்ளினாள். அடுப்பு வைக்க இடம் பார்க்கிறாள் என்று மெஹர் பானுவுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் அம்மணி மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஏறி வந்தாள். இரண்டு தூக்கும் நிறைந்திருந்தது.

"இன்னாடி, இங்கியே நின்னுகினு கீற? வூட்ல வேல இல்ல?"

"எண்ணிக்கிட்டு இருந்தேன்க்கா" என்றாள் மெஹர் பானு. வெறுங்கையில் கட்டை விரலை அழுத்திக் காட்டினாள். "போறப்ப ஒண்ணு. வரப்ப ஒண்ணு."